அண்ணன் கடை பீர்

தேயிலைத் தொழிற்சாலையில் டீயை ருசி பார்த்துத் துப்புவதுதான் என் வேலை. மாப்பிள்ளை வீட்டாரிடம் “எச்சி துப்புற பொண்ணு” என்று சொல்லி என் கல்யாணத்தைக் கெடுத்தவன் பெரியப்பா மகன் சேகர்.

போன மாசம் பிரிஞ்சாங் டவுனில் பீர் கடை திறந்தான். ஒரே வகை ஹாப்ஸ் பூ போட்டு அவனே காய்ச்சிய ஐபிஏ என்கிற கசப்பு பீர். வந்திருந்த கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் கிளாஸை நீட்டினான்.

“தங்கச்சி, நீ நல்லாருக்குன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க லா.”

உறிஞ்சினேன். முதலில் நல்ல கசப்பு, பின்னாலேயே ஆரஞ்சுத் தோல் வாசனை. அருமையாக இருந்தது. அப்படியே அவன் காலடியில் துப்பினேன்.

“என்னம்மா, நல்லாயில்லையா?”

“எச்சி துப்புற பொண்ணுதானேண்ணே நான்?”

ஒவ்வொருவராகக் கிளாஸைக் கீழே வைத்தார்கள். அவன் முகம் செத்துப்போனது.

ரிங்லெட் ஊரில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்த வாசனை என் நாக்கைவிட்டுப் போகவில்லை. நல்ல பீர்தான். காலில் விழுந்து கேட்டாலும் அவனிடம் சொல்லமாட்டேன்.