நிலைப்படிக்கு உள்ளே ஒரு பாஷை

என் மகள் மீனாளுக்கு மூன்று வயது. ரங்கூனில் பிறந்தவள், தமிழ், பர்மிய பாஷை இரண்டும் பேசுவாள். காரைக்குடிக்கு வந்த முதல் வாரமே சந்தைக் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாள்.

தேடாத இடமில்லை. அழுதுகொண்டே வீடு திரும்பினால், கருப்பட்டி விற்கும் அம்மாள் ஒருவர் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்!

"சந்தையில எத்தனை பேரு கேட்டோம்! என்னமோ வேத்துப் பாஷையில அழுகுது, ஒண்ணும் வெளங்கல. தண்ணி குடுக்கலாம்னு என் வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போனேன். உள்ள போனதும், 'எங்க வீடு ஊருணிக்கு எதுத்தாப்புல இருக்கு'ன்னு தமிழ்ல சொல்லுதும்மா!" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரங்கூனில் வீட்டுக்குள் தமிழ் பேசும் நானே, தெருவில் இறங்கினால் அவளிடமும் பர்மிய பாஷையில்தான் பேசுவேன். வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று குழந்தை தானாகவே பிரித்து வைத்திருக்கிறாள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை!

இப்போதெல்லாம் தெருவில் அவளோடு தமிழில் பேசிக்கொண்டே நடக்கிறேன். பர்மிய பாஷை மறந்துவிடாமல் இருக்க, அதை வீட்டுக்குள் பேசுகிறேன்.

நேற்று வளையல்காரர் வந்து, "எந்த நிறம் வேணும் ஆத்தா?" என்று கேட்டார். மீனாள் ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்தாள், யோசித்தாள், வெளியே எடுத்தாள். தெருவில் நின்றபடியே சொன்னாள்:

"பச்சை."