எண் விழுந்த தூங்குமூஞ்சி மரம்

பர்மாவில், கெமண்டைன் படகுத்துறைச் சாலையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு நாள் காலையில் தகர வில்லை ஒன்று தொங்கியது. அதில் 147 என்று எண் குத்தியிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

பக்கத்து மர மில்லில் கட்டை புரட்டுகிற வேலை எனக்கு. ஆற்றில் மிதந்து வரும் தேக்குக் கட்டைகளில் சுத்தியலால் அடித்த எண் இருக்கும். எண் விழுந்த மரம் வாளுக்குத்தான் போகும். மரத்தில் வேறு எதற்காக எண் போடுவார்கள் என்று மில்லில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த மரத்தடியில் ஒரு பர்மியப் பெண் அரிசிச் சேமியாவில் குழம்பு ஊற்றித் தரும் மொஹிங்கா விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய மீன் குழம்பின் வாசனைக்கே சங்கு ஊதுவதற்கு முன் மில் ஆட்கள் கூடிவிடுவார்கள். நான் அவளை ‘மா’ என்பேன். அவள் என்னைக் ‘கோ’ என்பாள். வயது வந்தவர்களைப் பர்மியர் மரியாதையாக அழைக்கும் முறை அது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், பேச்சும் வராது. நாள்தோறும் அவளிடம் சாப்பிட்டும் “இன்னொரு கிண்ணம்” என்பதைத் தாண்டி நான் எதுவும் சொன்னதில்லை. சொல்ல நினைத்ததோ நிறைய இருந்தது.

அன்று வில்லையைக் காட்டி, மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னதும் அவள் கரண்டியை வைத்துவிட்டாள். நிழல் போனால் கடையும் போயிற்று, இன்சீனில் அக்காள் வீட்டுக்கே போய்விடுவேன் என்றாள். அதைவிட அவளுக்குப் பெரிய கவலை வேறு ஒன்று. அந்த மரத்தில் ஒரு நாட், அதாவது காவல் தெய்வம், குடியிருப்பதாக அவள் நம்பினாள். கோடாரி விழும்போது அது எங்கே போகும்?

எங்கள் மேஸ்திரி அதற்கு வழி சொன்னார். நம் ஊரில் சாமி மரத்தை வெட்டுவதற்கு முன் தெய்வத்தை நீர்க்குடத்தில் இறக்கி வேறு மரத்தில் கொண்டுபோய் விடுவார்களாம். நாட் என்றாலும் தண்ணீருக்கு வராமலா இருக்கும் என்றார். “குடத்தைக் கல்யாணம் ஆகாதவன்தான் சுமக்கணும்” என்று சொல்லி என்னைப் பார்த்தார். “இந்த மில்லுல அதுக்கு ஒருத்தன்தானடா இருக்கான், நரை விழுந்தும்.” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நான்தான் சுமப்பேன் என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியலில் மேஸ்திரி மரத்தடியில் சூடம் ஏற்றினார். அவள் சிவப்புத் துணி கட்டிய தேங்காயை ஏந்தி முன்னால் நடந்தாள். மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். கழுத்தில் நீர் வழிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் குடமே ஆடியது. துறையை ஒட்டி நின்ற இன்னொரு மரத்தின் வேரில் நீரை ஊற்றி நாட் தெய்வத்தைக் குடியேற்றினோம்.

அடுத்த நாள் அந்த மரத்திலும் எண் இருந்தது!

குடியேறிய மறுநாளே நாட் தெய்வத்துக்கு வீடு போகிறதே என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. எண் போடுகிறவரைத் தேடிச் சாலையோடு ஓடினேன். சற்றுத் தூரத்தில் முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் ஏணியில் நின்று வில்லை அடித்துக்கொண்டிருந்தார்; நம்மவர்தான். முன்பின் தெரியாதவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, இதையெல்லாம் எப்ப வெட்டுவீங்க?”

“வெட்டுறதா? எவன் சொன்னான்?” அவர் ஏணியிலிருந்து இறங்கியே விட்டார். “வயசான மரத்துக்குத்தான் நம்பர். மழைக்கு முன்னால ஒவ்வொண்ணையும் பாக்கணும், பொந்து விழுந்திருக்கா, கிளை காஞ்சிருக்கான்னு. நம்பர் இல்லேன்னா இத்தனை மரத்துல எதுன்னு சொல்றது? இனிமே கேக்காம ஒருத்தன் கிளையைக்கூட ஒடிக்க முடியாது.” ஆணியை முழுக்க அடிக்காமல் விட்டிருந்ததையும் காட்டினார். மரம் இன்னும் பருக்குமாம். அதற்கு இடம் விட்டாராம். வெட்டப் போகிற மரத்துக்கு யார் இடம் விடுவார்கள்?

திரும்பி ஓடியதில் என் செருப்பு ஒன்று எங்கோ கழன்று போயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தனை பேச்சை என்னிடம் கேட்டறியாத அவள் குழம்பைக் கிண்ட மறந்து நின்றாள்.

பிறகென்ன, நாட் தெய்வத்தை அதன் பழைய மரத்துக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். மறுபடி விடியல், மறுபடி குடம், அவள் முன்னால், நான் பின்னால். பாதி வழியில், குடத்துக்கு அடியிலிருந்து சொன்னேன்: “மா, இன்சீனுக்குப் போகாதே. என்னோட இரு.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தேங்காயை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எண் 147-இன் வேரில் நீரை ஊற்றி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள், அதுவும் அங்கே சூடம் ஏற்றிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம்.

“மேஸ்திரி, இன்னொரு வாட்டி நாட் வீடு மாறினா, குடம் தூக்க வேற ஆள் பாரு.”