மான் மேய்ந்த பாதி

சுகியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் வேரோடு பிடுங்கிப் பார்த்தால்தான் திருப்தி. பக்கத்து வீட்டுச் சேதிலாலின் முள்ளங்கிப் பாத்தியில், கிழங்கு எவ்வளவு பருத்திருக்கிறது என்று தினமும் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நட்டு வைப்பாள். அதற்கான திட்டெல்லாம் அக்கா இமர்த்திக்குத்தான் விழும்.

இந்தத் தீபாவளி முடிந்ததும் சுகியா ஒரு பயிற்சிக்குப் போய், கறுப்புப் பொடிப் பொட்டலம் ஒன்றோடு திரும்பினாள். பயறுச் செடியின் வேரில் குடியேறி, காற்றிலிருந்தே சத்தைப் பிடித்துக் கொடுக்கும் மண் பாக்டீரியா அதில் இருந்தது. பொடியை வெல்லத் தண்ணீரில் குழைத்து, மசூர்ப் பருப்பு விதையில் பூசி, நிழலில் உலர்த்தினாள். வயலில் ஒரு பாதிக்குப் பூசிய விதை, மறு பாதிக்கு வெறும் விதை. நடுவே கயிறு பிடித்து, வளையாமல் மூங்கில் குச்சி ஊன்றியது இமர்த்தி. மகளிர் சங்கத்தார் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால், அடுத்த பருவத்தில் ஊருக்கே விதை பூசும் பொறுப்பு சுகியாவுக்கு.

காட்டிலாகாவில் காவலுக்குப் போகும் சேதிலாலுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"எங்க பாரசிங்கா மானப் பாரு, கொம்புல பன்னெண்டு கெள! ஜீப்புல வந்து பாக்குறாங்க. உன் கிருமியப் பாக்க யாரு வருவா?"

"உங்க மான எண்ணி முடிச்சிரலாம் மாமா. என்னோடது ஒரு சிட்டிகைல கோடிக்கணக்கு. ஆனா ரெண்டும் ஒரே ஜாதி. ஈரம் போனா தாங்காதுங்க."

"அப்ப ரெண்டுக்கும் கல்யாணம் பேசிருவோமா?"

சங்கத்தார் வரவேண்டிய நாள் காலை, பனிமூட்டத்தில் இமர்த்திதான் முதலில் வயலுக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பூசிய பாதி தரையோடு தரையாக மேயப்பட்டிருந்தது. குச்சிக்கு அந்தப்பக்கம் ஓர் இலைகூடக் குறையவில்லை. ஈரமண் முழுக்கக் குளம்புத் தடம்.

"போச்சுடி சுகியா! நல்ல பாதியத் தின்னுட்டுப் போயிருச்சே!"

பின்னாலேயே வந்த சுகியா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் வந்து சேர்ந்தார்கள். சிரித்துக்கொண்டே கூட வந்த சேதிலால், குனிந்து தடத்தைப் பார்த்து, "எங்க பாரசிங்காதான்" என்று முனகினார்.

சட்டென்று சுகியா எழுந்தாள். மேய்ந்து மிச்சமிருந்த ஒரு கட்டையைப் பிடுங்கி உதறினாள். வேரெல்லாம் இளஞ்சிவப்பு மணிகள், பாக்டீரியா குடியேறிய முடிச்சுகள். மறு பாதியில் ஒன்றைப் பிடுங்கினாள். அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

சங்கத் தலைவி பகவந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "மானு தேடி வந்து தின்னுருக்கு, இதுக்கு மேல என்னடி சாட்சி? அடுத்த பருவம் எல்லாருக்கும் நீதான் பூசணும்."

"எனக்கும் பூசிக் குடும்மா," என்றார் சேதிலால். "மானுகிட்ட மட்டும் சொல்லிராத. இருந்தாலும் பிடுங்குற புத்தி இவள விடலயே! அன்னைக்கு என் முள்ளங்கிய..."

"அது பயிற்சி மாமா!" என்றாள் இமர்த்தி, ஊருக்கே கேட்கும்படி.