அருவியில் இரண்டாவது ஆள்

பழைய டிவி கேம்களைச் செய்தவர்களில் ஒருவரையாவது நேரில் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. கேசட்டின் மேல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் விளையாட்டு என்று போட்டிருக்கும். செருகிப் பார்த்தால் ஏழு. அந்த ஏழு விளையாட்டையே பெயரை மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். சுடுகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஆட்டத்தை நிறுத்துகிற பொத்தானை வைத்திருப்பார்கள். அவசரத்தில் விரல் அங்கேதான் போகும். கார் ஓட்டுகிற விளையாட்டில் ஒன்பதாவது சுற்றில் பாதையே முடிந்துவிடும். கார் பாட்டுக்கு வானத்தில் ஓடும். எங்கே போகிறோம் என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்ற பேச்சே கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம், குடும்பத்துக்கு ஒரு காம்பரா. கடைசிக் காம்பராவில் யாராவது அயர்ன் பெட்டியைச் செருகினால் பத்துக் காம்பராவிலும் கரண்ட் போய்விடும். இரண்டு மணி நேரச் சண்டை அதோடு சரி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அயர்ன் பண்ணியவர்களை நான் சபித்த சாபம் எதுவும் பலிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அந்த டிவி கேமை அப்பா கொண்டுவந்தார். அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார், தீபாவளிக்குத்தான் வீட்டுக்கு வருவார். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. இரண்டு ஜாய்ஸ்டிக் இருந்தன. முதலாவதை நான் எடுத்துக்கொண்டேன். யார் எடுப்பது என்ற கேள்வியே வரவில்லை. கடைக்குட்டி என்றால் வீட்டில் அப்படித்தான்.

ஏழு விளையாட்டில் ஒன்றுதான் எங்களுக்கு உயிர். இரண்டு சிப்பாய்கள் சேர்ந்து போய்ச் சண்டை போடுவது. நீலக் காற்சட்டை நான், சிவப்புக் காற்சட்டை அக்கா. முதலில் காடு, பிறகு பாலம், மூன்றாவது கட்டம் அருவி. பெரிய அருவி ஒன்றின் பாறைகளில் குதித்துக் குதித்து மேலே ஏற வேண்டும். மேலிருந்து கற்கள் உருண்டு வரும். மூலையில் நேரம் குறைந்துகொண்டே வரும். அக்கா அதற்குத் துன்ஹிந்தை என்று பெயர் வைத்தாள். பதுளைப் பக்கம் இருக்கிற நிஜத் துன்ஹிந்தை அருவியை நாங்கள் அப்போது பார்த்ததில்லை, எங்கள் டவுனான லுணுகலையில் ஒரு பலசரக்குக் கடைக் கலண்டரில் பார்த்ததோடு சரி.

இரண்டு பேரும் சாகாமல் கடைசிக் கட்டத்தை முடித்தால் ஒரு ஹெலிகொப்டர் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போகும் என்று பாடசாலையில் ஒருத்தி சொன்னாள். அவள் எங்கே பார்த்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஒரே ஆசை. பொதுவாக எதையும் வேண்டும் என்று சொல்லாதவள் அவள். இதை மட்டும் சொன்னாள்.

ஆனால் அருவியைத் தாண்டுவதற்குள் அக்கா செத்துப்போவாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, எப்போதும். நான் மேலே போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால் சிவப்பு ஆளைக் காணவில்லை. சில நேரம் அவள் சாகிற அதே நொடியில் கல்லும் விழுந்தால் படம் அப்படியே உறைந்துவிடும். பாட்டு மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியை அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

"ஒனக்கு ஏறவே தெரியாதாக்கா? எப்பப் பாத்தாலும் செத்துப்போற!" என்று கத்துவேன்.

"எனக்கு வரலடி. நீ போ, நான் பாக்குறேன்" என்பாள்.

தனியாகப் போய் அடுத்த கோட்டையில் நானும் சாவேன். அந்தப் பழியும் அக்கா தலையில்தான் விழும்.

அடுத்த வருடம் அப்பா நெஞ்சு வலி என்று கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கி மலை ஏற முடியாமல் போனது. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா நம்முடையது. அம்மா வேலையை விட்டு நின்றால் அம்மாவுக்குப் பதில் ஒரு பேர் வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டு பேர், அதில் ஒருத்திக்குப் பதினொரு வயது.

அக்காவுக்குச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்திருந்த நேரம். கணக்கில் அவள் எடுத்த புள்ளியை நான் கடைசிவரை எடுக்கவில்லை. பெறுபேறு வந்த அதே வாரம் பேர் பதிந்தாள். அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, காலைப் பெரட்டுக்குப் போய் நின்றாள். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தைத் தாண்டித்தான் நான் பாடசாலைக்குப் போக வேண்டும். கங்காணி அவள் பெயரைக் கூப்பிடுவதும் அவள் "இருக்கேங்க" என்பதும் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவளுக்காக இல்லை, எனக்காக.

அன்று பின்னேரம் வந்து, விரலெல்லாம் கொழுந்துக் கறையோடு இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். அருவியில் செத்தாள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

"நான் படிச்சு வேலைக்குப் போனதும் ஒன் பேர வெட்டிடலாம்க்கா" என்று அவளிடம் அடிக்கடி சொல்வேன். பேரை வெட்டுவது என்றால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பேர் இருக்கும் இடாப்பிலிருந்து நீங்கிக்கொள்வது.

"ம், வெட்டுவ வெட்டுவ" என்று சிரிப்பாள்.

படித்தேன். உயர்தரம், பிறகு கல்வியியற் கல்லூரி, பிறகு பதுளையில் ஆசிரியை. அக்காவின் பேரை மட்டும் வெட்டவில்லை. அம்மா சாகும்வரை அந்தக் காம்பராவை விட்டு வரமாட்டேன் என்றாள், அது ஒரு காரணம். எனக்குக் கல்யாணமானது, பதுளையில் இரண்டு அறை வீடு, அது ஒரு காரணம். அக்காவைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடமும் தள்ளிப்போய்ப் பிறகு இல்லாமலே போனது. மூன்று வருடத்துக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரணமெல்லாம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் பேரை வெட்டுவதைப் பற்றி நான் பேசவில்லை. பேசினால் அக்காவை எங்கே வைத்துக்கொள்வது என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியை என் வீட்டில் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. இதைவிட நல்ல காரணம் என்னிடம் கிடையாது.

இந்த வருடம் பாடசாலை விடுமுறையில் தொலைபேசியில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. பழைய விளையாட்டுகளில் இருந்த கோளாறுகளை ஒருவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு போனார். வானத்தில் ஓடும் கார் வந்தது, நானும் சிரித்தேன். அடுத்தது எங்கள் அருவி.

இந்தக் கட்டத்தைச் செய்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை, திரை எப்போதும் மேலே இருப்பவனோடுதான் போகும் என்றார் அவர். கீழே நிற்பவன் திரையின் அடி விளிம்புக்குக் கீழே போனதும் செத்துப்போவான். கல் அடித்து இல்லை, எதிரி சுட்டும் இல்லை. முன்னால் ஏறுகிறவன்தான் அவனைக் கொல்கிறான். அதைச் சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதோடு விடவில்லை. கடைசிப் படத்தையும் காட்டினார். ஹெலிகொப்டர் வரத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு பேர் விளையாடி முடித்தாலும் அதில் நீல ஆள் மட்டும்தான் ஏறுவான். சிவப்பு ஆளை அவர்கள் வரையவே இல்லை.

தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் அடுப்புப் பக்கம் நின்று அழுதேன். ஒரு விளையாட்டுக்கு அழுகிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஏறத் தெரியாதவள் என்று எத்தனை வருடம் அவளைத் திட்டியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதுளை பஜாரில் ஒரு கடை முதலாளியிடம் அந்தப் பழைய டிவி கேம் இருக்கிறதா என்று கேட்டேன். தேடி உள்ளிருந்து எடுத்துத் தந்தார். அதே மாதிரிப் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், எத்தனையோ ஆயிரம் விளையாட்டு என்ற அதே புளுகு. லுணுகலை பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன்.

அக்கா பெட்டியைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாயை விரித்து உட்கார்ந்தோம். என் கை பழக்கத்தில் முதலாவதற்குப் போனது. இழுத்துக்கொண்டு அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை, இரண்டாவதைத்தான் எடுத்தாள். அவளுடைய வலது கைப் பெருவிரல் இப்போது முழுதாக மடங்குவதில்லை. இருபத்தைந்து வருடம் கொழுந்து கிள்ளிய விரல்.

அருவி வந்தது. நான் ஏறாமல் நின்றேன்.

"அக்கா, ஒனக்குத் தெரியுமா? நீ ஏறத் தெரியாம சாகல. நான் மேல போனதாலதான் நீ செத்த."

"தெரியுமே" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

"எப்ப இருந்து?"

"அப்பவே தெரியும்டி. நீ மேல மட்டும்தான் பாப்ப. நான் கீழ பாத்துக்கிட்டு இருந்தேன்ல."

"அப்ப ஏன் நில்லுன்னு சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன். நீயும் நின்ன. கல்லு உருண்டு வந்து ரெண்டு பேரும் செத்தோம். அன்னைக்கு நீ அழுதுக்கிட்டு சோறே திங்கல. அதோட நான் சொல்றத விட்டுட்டேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவள் இத்தனை வருடம் வைத்திருந்த அந்த ஒரு நாள் என்னிடம் இல்லவே இல்லை.

"இன்னைக்கு ஒன்னோடதான் ஏறுவேன். நீ மொதல்ல ஏறு" என்றேன்.

அவள் முயன்றாள். பெருவிரல் பொத்தானில் பதியவில்லை. சிவப்பு ஆள் குதித்து, முதல் பாறையைத் தொடாமல் விழுந்து, மறுபடி குதித்தான். நான் பக்கத்தில் நின்றேன். மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

"அக்கா, பேர வெட்டிட்டு என்னோட வந்துடு" என்றேன். இருபத்தைந்து வருடம் பிந்தி, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல்.

"இப்ப வெட்டிட்டு எங்கடி போறது? ஏறு, டைம் போகுது."

நான் ஏறவில்லை. நேரம் முடிந்தது. நீலமும் சிவப்பும் ஒன்றாக விழுந்தார்கள்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பார்த்து அவள் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"என்னடி இது? ரெண்டு பேரும் செத்தா யாருக்கு என்ன லாபம்? ஒருத்தியாவது போவணும்ல?"

மறுபடி அருவி தொடங்கியது. அவள் ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். "ஏறு" என்றாள். சின்ன வயதில் பாடசாலைக்கு எழுப்பிவிடும் அதே குரல்.

நான் ஏறினேன். எல்லாம் தெரிந்தும் ஏறினேன். இந்த முறை மேலே பார்க்கவில்லை, கீழேயே பார்த்துக்கொண்டு ஏறினேன். சிவப்பு ஆள் துப்பாக்கியோடு அசையாமல் நின்றான். திரையின் விளிம்பு அவன் காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, பிறகு ஆளைக் காணவில்லை.

"ம், போயிட்ட" என்று அக்கா சந்தோஷமாகக் கை தட்டினாள். பிறகு கேட்டாள், "அந்த ஹெலிகொப்டர நீ பாத்தியாடி? ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுத்தான போகும்?"

"ஆமாக்கா, ரெண்டு பேரையும்தான்" என்றேன்.

பதுளைக்குக் கடைசி பஸ் வரும் நேரமாகியிருந்தது. பெட்டியை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.