நுரையை மறைக்காதவர்

திண்டிவனம் லேபில் எல்லோரும் சிறுநீர் டப்பாவைப் பைக்குள் ஒளித்திருந்தோம். பக்கத்திலிருந்த மீசைக்காரர் மட்டும் தன்னுடையதை அடிக்கடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காணை என்ற ஊர்ப் பக்கத்து விவசாயி.

“நுரையைப் பாத்தீங்களா? கிட்னியில வடிகட்டுற செல்லை சக்கரை அரிச்சிக்கினு இருக்குது. நெல்லடிக்கிற மிஷின்ல சல்லடை கிழிஞ்சா நல்ல நெல்லும் பதரோட போயிடும்ல? அப்படித்தான் சத்து வெளியே போவுது. போனது போவட்டும், மிச்சத்தை உடமாட்டேன்.”

சர்க்கரை ரிப்போர்ட் நல்லபடியாக வரவேண்டுமென்று இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை என்றேன், பெருமையாக.

முறைத்தார். “யாரை ஏமாத்தறீங்க? நான் எப்பவும் சாப்பிடறதைத்தான் சாப்ட்டேன். எவ்ளோ கெட்டிருக்குதுன்னு தெரிஞ்சாதானே எதுத்து நிக்கலாம்?”

என்னைக் கூப்பிட்டார்கள். “ரெண்டு நாளா சோறே சாப்பிடலம்மா. ஒழுங்கா சாப்ட்டுட்டு அடுத்த வாரம் வர்றேன்” என்று லேப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவர் மறுபடி டப்பாவைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், எதிராளியை நேருக்கு நேர் பார்ப்பதுபோல.