தண்ணீர் ஊற்றிப் பார்த்த படகு

என் தம்பி ஜாபெஸ் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கக் கிளம்பினால், வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பொருள் இல்லாமல் வாழப் பழகிக்கொள்வது நல்லது. மிக்ஸி வாங்க அவனுக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை அவன் மனைவி ஜோஸ்பின் என் வீட்டுக்கு வந்து சட்னி அரைத்துக்கொண்டு போனாள். ஆனால் வாங்கிவிட்டால் விடமாட்டான். அந்த மிக்ஸி இன்றும் ஓடுகிறது. மூடி மட்டும் வேறு கம்பெனியுடையது.

நான் மூத்தவள். தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறையில் வேலை. என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தோம். சரக்குக் கப்பலில் ஃபிட்டராகச் சேர்ந்து உலகம் சுற்றினான் என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அவனைக் கேட்டால், எல்லாக் கடலும் ஒன்றுதான் என்பான். எஞ்சின் ரூமில் ஜன்னல் கிடையாதாம்.

வயது ஏறியதும் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. செம்பூர் வீட்டில் உட்கார்ந்தவன், நன்றாக இருந்த குழாய்களையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டினான். பிறகு ஒருநாள், பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னான். இரண்டு பேர் படுக்க, சமைக்க, சின்ன கேபின் உள்ள படகு. கரையை ஒட்டியே ரத்னாகிரி, அப்புறம் கோவா. சாகும்வரை அந்த ஒரே படகுதான். பாய்மரம் எதற்கு என்று கேட்டேன்.

"எஞ்சினை அமத்திட்டுப் போலாம்லா, எக்கா."



மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் படகு பார்த்தான். கையில் ஒரு சின்ன மரச்சுத்தி. தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி படகின் உடம்பு முழுக்கத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பான். சத்தம் மந்தமாக வந்தால் உதட்டைப் பிதுக்குவான். உள்ளே போய்ப் படுத்து, கால் நீட்ட முடிகிறதா என்று பார்ப்பான். ஒரு படகைக் கதவு கிறீச்சிடுகிறது என்று விட்டான். மாண்ட்வாவில் படகு விற்க இருந்த ஒருவர் இவன் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று இவன் தலையை நிமிர்த்தி ஒருமுறைகூடத் தன்னைப் பார்க்கவில்லை என்று ஜோஸ்பின் எல்லாரிடமும் சொல்லிக் காட்டினாள்.

போன மே மாதம், உரண் பக்கம் கரஞ்சாவில் ஒன்று அமைந்தது. கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தது. சொந்தக்காரர் மாட்டுங்காவில் இருக்கும் வெங்கடேஷ். பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், முழங்கால் வலியால் விற்கிறார். படகை அழகு என்று சொல்ல முடியாது. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றுக்குக் கடுகு மஞ்சள் பெயிண்ட் அடித்தது போல இருந்தது. ஜாபெஸ் தட்டினான், எங்கும் நல்ல சத்தம். படகு கவிழாமல் அடியில் பிடித்திருக்கும் கனமான கீலின் போல்ட்டுகளில் துரு இல்லை. சின்ன எஞ்சின் முதல் தடவையிலேயே கிளம்பியது. வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டானாம். ஜோஸ்பின் பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள்.

"மைனி, உங்க தம்பி இந்தத் தடவ ஒரு குறையும் சொல்லல. மேலுக்குச் சரியில்லையோ என்னவோ."

ஒன்று பாக்கி இருந்தது. மழை. ஒற்றை அறை வீட்டை எங்கள் பக்கம் கோலி என்போம். எங்கள் அப்பா ஏப்ரலில் பார்த்துப் பிடித்த கோலியில், ஜூனில் நாங்கள் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். அன்றிலிருந்து மழை பெய்யாமல் எந்தக் கூரையையும் எங்கள் குடும்பம் நம்புவதில்லை. ஆகவே முதல் மழைக்குப் பிறகு வருகிறேன் என்று ஜாபெஸ் அவரிடம் சொல்லியிருக்கிறான்.

"அது வரைக்கும் நான் காத்துண்டிருக்க முடியாது, மிஸ்டர் ஜாபெஸ்," என்றாராம் வெங்கடேஷ். "புனேலேர்ந்து ஒருத்தர் கேட்டுண்டே இருக்கார். ஞாயித்துக்கிழமை சொல்லிடுங்கோ."

தம்பி என் வீட்டுக்கு வந்து, தைத்த பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். காய்ந்த படகை வாங்க மனம் வரவில்லை. விடவும் மனம் வரவில்லை. இதை விட்டால் இன்னொன்று தேட அவன் உடம்பில் தெம்பு இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. நான் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே சொன்னேன்:

"மழ வரலன்னா நாம ஊத்துவோம்லே. தண்ணிக்கா பஞ்சம்?"

தாராவியில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாத வார்த்தைதான். ஆனாலும் அவன் முகம் தெளிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாவுச்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச் பிடித்துப் போனோம். பழைய பேப்பர் ஒரு கட்டு கொண்டுபோயிருந்தேன். படுக்கைப் பலகைகள், தரை, அடுப்படி எல்லா இடத்திலும் இடைவெளி இல்லாமல் விரித்தேன். ஜன்னல்களை மூடிவிட்டு, படகு கழுவும் பைப்பை எடுத்துக்கொண்டு ஜாபெஸ் மேலே ஏறினான். வெங்கடேஷ் வெயிலுக்குக் குடை பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எவ்வளவு நேரம் ஊற்றுவீர்கள் என்று கேட்டார். ஜூலை மாதம் மாதிரி ஊற்றுவேன் என்று தம்பி மேலிருந்து சொன்னான்.

உள்ளே டிரம்முக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு பேப்பராகத் தடவிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. எனக்கே சந்தோஷம் வர ஆரம்பித்த நேரத்தில், வலது படுக்கைக்கு மேல் ஜன்னல் மூலையில் ஒரு சொட்டு திரண்டு, நகைக்கடை விளம்பரத்தின் மேல் விழுந்தது. காத்திருந்தேன். இன்னொன்று.

கதவுச் சத்தத்துக்கே படகை விட்டவன் அவன். சொன்னால் இதையும் விடுவான். சொல்லாவிட்டால் வாங்குவான், வாங்கி இதற்குக் கீழேதான் வருடக்கணக்கில் படுப்பான்.

மேலிருந்து கேட்டான்: "எக்கா, எதும் உண்டா?"

"ஒழுகுதுலே. வலது பக்கம், ஜன்னல் மூலை."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. சொட்டச் சொட்ட இறங்கி வந்து, அந்த மூலையை விரலால் தடவினான். வேறு எங்கும் உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பாமல் பேப்பரையெல்லாம் தானே ஒருமுறை தடவினான். வெங்கடேஷ் வாசல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஓ, அதுவா? அங்க எப்பவும் ஒரு டவல் போட்டு வெச்சிருப்பேன். பழகிப்போச்சா, சொல்லணும்னே தோணலை."

எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பேப்பரை மடிக்கத் தொடங்கினேன். ஜாபெஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இத நான் அடச்சிருவேன், எக்கா. மூணு வருசமா பாத்த படகுல ஒண்ணுலகூட எங்க ஒழுகும்னு தெரியல. இதுல தெரிஞ்சிபோச்சுல்லா."

ஈரக் கையோடே வெங்கடேஷின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஜோஸ்பினுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று மட்டும் கேட்டாள். வலது பக்கம் என்றதும், அப்படியானால் இடது பக்கம் தனக்கு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

திரும்பும் லாஞ்சில் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். அவன் கரஞ்சா இருந்த திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். என்னலே என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. இனிமே ஞாயித்துக்கிழம படகு பாக்கப் போவ வேண்டாம்லா."

அதைச் சந்தோஷமாகச் சொன்னானா வருத்தமாகச் சொன்னானா என்று எனக்குப் பிடிபடவில்லை. நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அலைகளைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டான்.