பஸ்ஸில் எனக்குக் கிடைத்த ஒரு மார்க்

சிவாஜிநகரில் இருந்து பஸ்ஸில் வரும்போது, என் மகள் கவிதா சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். "என்னடி கேக்குறான் அதுல?" என்றேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் தமிழில் சொன்னாள். பெயிண்ட் அடிக்கிற ஒருவன் சாரத்தில் இருந்து விழுந்துவிடுகிறான். இடுப்பில் கட்டும் பெல்ட்டை முதலாளி கொடுக்கவே இல்லை. தப்பு யார் மேல்?

என் வீட்டுக்காரர் போன வருஷம் அப்படித்தான் விழுந்து செத்தார். "பாத்து ஏறியிருக்கணும்" என்று மேஸ்திரி சொன்னதோடு எல்லாம் முடிந்தது.

"முதலாளி மேலதான்" என்றேன்.

பக்கத்து சீட்டு அம்மா விடவில்லை. "அட போம்மா! ஏறுறவன்தானே பாத்து ஏறணும்? எந்த முதலாளி ஒத்துக்குவான்?"

கவிதா சொன்னாள்: "கேள்விக்கு மேல ஒரு சட்டம் குடுத்திருக்காங்க. வேலை வாங்குறவன் பாதுகாப்பு குடுக்கணும்னு. அத வச்சுதான் பதில் சொல்லணும். நமக்குத் தெரிஞ்சத எல்லாம் சேக்கக் கூடாது."

கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தாள். முதலாளி மேல்தான் தப்பாம்.

அச்சடித்தே போட்டிருக்கிறார்கள்! அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்காளாடி?"

"அது கேள்வியில இல்லம்மா."

சரியான விடைக்கு ஒரு மார்க்காம். நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் டைப் அடிக்கிற கவிதா, அந்த மார்க் எனக்குச் சேராது என்கிறாள். நீங்களே சொல்லுங்கள், சேருமா சேராதா?